முயற்சி போதாது

பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், எக்ஸ்ரே அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே, ஒரு கட்டில் போட்டால் நிரம்பிவிடும் அளவில் ஓர் அறை உண்டு. அங்கேதான் மூச்சை அளக்கிறார்கள். பத்தொன்பது வருடமாக அந்த அறையை ஆள்பவள் ஒருத்திதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கும் இருக்கத்தான் செய்தது, ஆனால் வருகைப் பதிவேட்டைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இன்னும், விடாதீங்க, விடாதீங்க!" என்று அவள் போடும் கூச்சல் கீழ்த்தளத்தில் மருந்து வாங்க நிற்பவர்களுக்கே கேட்கும். ஆகவே பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் ஊதுங்கம்மா.

அவளுக்கு அந்தப் பெயரில் வருத்தமே இல்லை. உள்ளுக்குள் பெருமை என்றுகூடச் சொல்லலாம். மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் அட்டைக்குழாயைக் கொடுத்து, ஆளை ஊத வைத்தால் திரையில் ஒரு கோடு எழும்பும். சரியாக ஊதினால் அது விருட்டென்று உச்சிக்கு ஏறி, அங்கிருந்து சரிவாக இறங்கும். ஆஸ்துமாக்காரருக்கு அந்தச் சரிவு நடுவில் குழிந்து தொங்கும். கோட்டைப் பார்த்தே, "இவர் சிகரெட்டை விட்டுட்டேன்னு சொல்றது பொய், டாக்டர்" என்று சொல்லிவிடுவாள். பத்துக்கு ஒன்பது முறை அது சரியாகவும் இருக்கும். பத்தாவது முறையைப் பற்றி அவள் பேச மாட்டாள்.

ரிப்போர்ட்டின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அது அவளுடைய ராஜ்யம். உச்சி ஏறாமல் கோடு மொண்ணையாக வந்தால், ஆள் மனசு வைத்து ஊதவில்லை என்று அர்த்தம். மூன்று முறை கத்தியும் தேறாவிட்டால் அந்தக் கட்டத்தில், 'முயற்சி போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அதை எழுதும்போது, பரீட்சையில் ஒருவனைப் பெயிலாக்கும் வாத்தியாருக்கு வரும் அந்த அற்பச் சந்தோஷம் அவளுக்கும் வரும். மனுஷிதானே.

அப்படி அவள் பெயிலாக்கியவர்களில் அவளுடைய நாத்தனாரும் ஒருத்தி. அதுவும் இரண்டு தடவை.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கணவனுக்கு மூத்தவள். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறது என்பதை இருபத்தாறு வருடமாக அந்த ஊருக்குச் சொல்லி வருபவள். மணி அடித்த மாதிரிக் குரல். பதிவு செய்த குரலை வைத்து இயந்திரத்தைப் பேசவிடலாம் என்று அதிகாரிகள் ஒருமுறை யோசித்தபோது, பயணிகளே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தின் நகலைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். விருந்தாளிகள் அதைப் படித்து முடிக்கும்வரை காபி வராது.

அவள் ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் நடுவில், "என் தம்பி பொண்டாட்டி என்ன வேலை பாக்குறான்னு கேக்குறாங்க. பலூன்காரிக்கு இருக்கற வேலைதான், ஆனா பலூன் கிடையாதுன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டாள். சபை கொல்லென்று சிரித்தது. ஊதுங்கம்மாவும் சிரித்தாள், ஆனால் மறக்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் பேச்சு அளவோடுதான். ஊதுங்கம்மாவின் கணவன் பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அந்த நாத்தனாருக்கு மூன்று வருடங்களுக்கு முன் இருமலும் இழுப்பும் வந்தன. பெரிய டாக்டர் ஆஸ்துமா என்றார், இன்ஹேலர் கொடுத்தார், வருடம் ஒருமுறை ஊதிவிட்டு வரச் சொன்னார். முதல் வருடம் வந்து ஊதினாள். கோட்டில் உச்சியே இல்லை. 'என்கிட்ட வந்து ஊதறது கவுரவக் குறைச்சலா இருக்கோ' என்று நினைத்துக்கொண்டாள் ஊதுங்கம்மா. 'முயற்சி போதாது.' இரண்டாம் வருடமும் அதே கதை, அதே குறிப்பு, அதே கையெழுத்து.

மூன்றாம் வருடம் நாத்தனார் வந்தபோது இரண்டு மாடி ஏறியதற்கே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லிஃப்ட் இருக்கிறதே என்று கேட்டால் கோபம் வரும், அதனால் ஊதுங்கம்மா கேட்கவில்லை.

"உக்காருங்க அண்ணி."

"உக்காரத்தான் வந்தேன்." ஒரு மூச்சு. "சீக்கிரம் முடி. பதினொண்ணுக்கு எனக்கு டியூட்டி."

அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் விழுந்த மூச்சு ஊதுங்கம்மாவின் காதில் உறைத்தது. ஏழு ஊர்களின் பெயரை ஒரே மூச்சில் அடுக்குபவள் இவள். 'உக்காரத்தான் வந்தேன்' என்பதற்கு ஒரு மூச்சு வாங்குகிறாள். அந்தச் சத்தமும் நெஞ்சிலிருந்து வரவில்லை, தொண்டைக்குழிக்குக் கீழே எங்கிருந்தோ வந்தது. மூச்சை வெளியே விடும்போது மட்டுமல்ல, உள்ளே இழுக்கும்போதும் விசில் கேட்டது. ஆஸ்துமா அப்படி இழுக்காது.

கிளிப்பை மாட்டி ஊத வைத்தாள். கோடு கொஞ்சம் ஏறி, தட்டையாக ஓடி, இறங்கியது. மறுபடி ஊத வைத்தாள். அதே கோடு. மூன்றாவது முறையும் அதே கோடு. திரையில் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒரே ஆள் மூன்று முறை போட்ட கையெழுத்துக்கூட இவ்வளவு அச்சாக இருக்காது.

அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. சோம்பேறித்தனமாக ஊதுகிறவன் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சோம்பேறியாக ஊதுவான். ஒருமுறை பாதியில் விடுவான், ஒருமுறை இருமுவான், ஒருமுறை உங்களைத் திருப்திப்படுத்தக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளுவான். மூன்று முறையும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் கோடு முட்டி நிற்கிறது என்றால், அங்கே மனசு தடுக்கவில்லை. ஏதோ ஒரு பொருள் தடுக்கிறது.

"அண்ணி, இன்னொரு தடவை. இந்தத் தடவை ஊதி முடிச்சதும் அதே வேகத்துல உள்ள இழுங்க. கிணத்துல விழுந்தவங்க மேல வந்ததும் இழுப்பாங்களே, அப்படி."

நாத்தனார் முறைத்தாள், ஆனால் செய்தாள். உள்ளே இழுத்த கோடு கீழே இறங்கி அதுவும் தட்டையாக ஓடியது. மேலேயும் தட்டை, கீழேயும் தட்டை. திரையில் ஒரு தீப்பெட்டி உட்கார்ந்திருந்தது.

இந்த வடிவத்தை ஊதுங்கம்மா பயிற்சிப் புத்தகத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறாள். பெரிய குழாயே அடைபட்டிருந்தால் இப்படி வரும் என்று கீழே எழுதியிருந்தது. கணினியில் பழைய இரண்டு ரிப்போர்ட்டுகளையும் திறந்தாள். இரண்டிலும் மேல்பாதி அதே தட்டை, இதைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். உள்ளே இழுக்கச் சொல்லும் பாதியை அவள் செய்யவே இல்லை. கூட்டம் அதிகமாக இருந்தால் அதை விட்டுவிடுவது அந்த அறையின் வழக்கம். இரண்டின் அடியிலும் அவள் கையெழுத்து ஜம்மென்று இருந்தது.

"என்ன, மறுபடியும் பெயிலா?" என்றாள் நாத்தனார்.

"இல்ல அண்ணி. நீங்க இங்கயே இருங்க. இன்னிக்கு டியூட்டிக்குப் போக வேண்டாம்."

பெரிய டாக்டரின் அறையில் வழக்கம்போல் ஏழெட்டுப் பேர். ஊதுங்கம்மா வரிசையைப் பிளந்துகொண்டு போய் மூன்று தாள்களையும் மேஜையில் பரப்பினாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"இவங்க சரியா ஊத மாட்டாங்கன்னு நீங்கதானே ரெண்டு வருஷமா எழுதிட்டு வர்றீங்க? அதை நம்பித்தான் நான் மருந்தை மட்டும் கூட்டிட்டு இருந்தேன்."

நியாயமான கேள்வி. தப்பிக்க வழியும் இருந்தது. 'இந்த வருஷம்தான் டாக்டர் இப்படி வருது' என்று சொல்லிவிட்டுப் பழைய தாள்களை மடித்துக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அப்படிச் சொன்னால், அடுத்த வாரம் பார்க்கலாம், ஒரு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாம் என்று ஆகிவிடும். மூன்றையும் வரிசையாக வைத்தால்தான் அடைப்பு வருடா வருடம் இறுகி வருவது தெரியும்.

"நான் எழுதினது தப்பு, டாக்டர். அவங்க மூணு வருஷமா முழு மூச்சாத்தான் ஊதியிருக்காங்க. எனக்கு அவங்கமேல ஒரு கோபம் இருந்தது, அது கண்ணை மறைச்சிடுச்சு. இன்னிக்கே ஸ்கேன் எடுங்க."

அறையில் இருந்த ஏழெட்டுப் பேரும் இருமுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். டாக்டர் ஸ்கேன் சீட்டை எழுதினார்.

கட்டி இருந்தது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரல்களுக்குள் நுழையும் இடத்துக்கு இரண்டு விரல்கடை மேலே, வழியில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குழாய் விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டர் நாத்தனாரையும் தம்பியையும் ஊதுங்கம்மாவையும் உட்கார வைத்துப் பேசினார்.

"நுரையீரல் புத்துநோய் நூறு பேருக்கு வந்தா அதுல ஒருத்தருக்குக்கூட இந்த வகை வராது. சாதாரணமா வாய்ல எச்சில் சுரக்குற சுரப்பியில வர்ற வகை இது. மூச்சுக்குழாய்லயும் அந்த மாதிரி சின்னச் சின்னச் சுரப்பி இருக்கு. சிகரெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மெதுவா வளரும். இருமல், இழுப்பு, மூச்சு வாங்கறது, எல்லாம் ஆஸ்துமா மாதிரியே இருக்கும். வருஷக்கணக்கா டாக்டர்களையே ஏமாத்திடும்."

"எவ்வளவு நாள் இருப்பேன்? அதைச் சொல்லுங்க," என்றாள் நாத்தனார். வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கும் தோரணை.

அவர் ஒரு கோப்பைத் திறந்தார். அந்த வகை நோயாளிகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். "முப்பது வருஷத்துல இங்க இருபத்தாறு பேர் வந்திருக்காங்க. பதினாறு பேருக்குக் கட்டியை முழுசா எடுக்க முடிஞ்சது. அதுல பதிமூணு பேர் அஞ்சு வருஷம் தாண்டிட்டாங்க. முழுசா எடுக்க முடியாத பத்து பேர்ல நாலு பேர்தான் தாண்டினாங்க. பத்து வருஷம் கழிச்சுக்கூட இது திரும்பி வரலாம், அதனால ஆயுசுக்கும் வருஷா வருஷம் வந்து காட்டணும். உங்களுக்கு முழுசா எடுக்க முடியும்னுதான் நினைக்கிறோம். ஆனா விளிம்புல நிக்குது. குழாயை இதுக்கு மேல வெட்டினா ரெண்டு முனையையும் இணைக்க முடியாது. முன்னாடியே வந்திருந்தா..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காத பாதி யாருக்கு என்று ஊதுங்கம்மாவுக்குத் தெரிந்தது. கணவன் தன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் விசும்பினான்.

"எதுக்குடா அழுவுற? செத்தா போயிட்டேன்?" என்றாள் நாத்தனார். பிறகு டாக்டரைப் பார்த்து, "அந்தப் பதிமூணைப் பதினாலா மாத்தி எழுத ஒரு இடம் விட்டு வைங்க," என்றாள்.

அறுவை ஐந்து மணி நேரம் நடந்தது. குழாயில் நான்கு சென்டிமீட்டரை வெட்டி எறிந்துவிட்டு, மேல்முனையைக் கீழே இழுத்துத் தைத்தார்கள். தலையை நிமிர்த்தினால் தையல் பிரிந்துவிடும் என்பதால் மோவாயையும் நெஞ்சையும் சேர்த்து இரண்டு தையல் போட்டிருந்தார்கள். பத்து நாள் அப்படியே இருக்க வேண்டும், பேசவும் கூடாது. பிறந்ததிலிருந்து யாருக்கும் தலை குனிந்திராத நாத்தனார் பத்து நாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பார்க்க வந்த உறவினர்கள் அவளைவிட அதிகமாகச் சங்கடப்பட்டார்கள்.

மூன்றாம் நாள் பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. வெட்டிய இரண்டு ஓரமும் சுத்தம். முழுதாக எடுத்தாயிற்று. அன்று மாலை ஊதுங்கம்மா கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். வாய் பேச முடியாதவளிடம் போய்ச் சொல்வது கோழைத்தனமோ என்று யோசித்தாள். ஆனால் அந்த வாய் திறந்தபிறகு சொல்லத் தைரியம் வருமா என்பதும் சந்தேகம். சொல்லிவிட்டாள். கல்யாண வீட்டுப் பேச்சு, தன் கோபம், இரண்டு வருடக் குறிப்பு, விட்டுப்போன பாதி, எதையும் மறைக்கவில்லை.

"நான் ஒழுங்கா பாத்திருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும் அண்ணி. என்னை என்ன வேணா திட்டுங்க."

நாத்தனார் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் மேலே ஏற்றி அவளைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினாள். பேனா தாளைக் கிழிக்கும்போல் அழுத்தியது.

'நான் எதையும் அரைகுறையாச் செஞ்சவ இல்ல. அந்த ரெண்டு தடவையும் உசுரைக் குடுத்து ஊதினேன். மாத்தி எழுது.'

மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வசவும் இல்லை. உயிர் போக இருந்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. முயற்சி போதாது என்று ஒருத்தி எழுதி வைத்ததுதான் பொறுக்கவில்லை. ஊதுங்கம்மா அந்தத் தாளைக் கிழித்துத் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

பதிவான ரிப்போர்ட்டை அழிக்க ஆஸ்பத்திரியில் யாருக்கும் அதிகாரம் கிடையாது. அதன் கீழே, திருத்துகிறவர் பெயர், தேதியோடு திருத்தக் குறிப்புச் சேர்க்கலாம். ஆவணப் பிரிவு அதிகாரி படிவத்தைக் கொடுக்கவே தயங்கினார். "சும்மா இருக்குற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க. நாளைக்கு ஏதாவது விசாரணைன்னு வந்தா இது உங்களுக்கே திரும்பும்," என்றார்.

"ஊதறதுதான் சார் என் வேலை," என்று சொல்லிப் படிவத்தை வாங்கினாள். இரண்டு ரிப்போர்ட்டிலும் எழுதினாள்: 'நோயாளி முழு முயற்சியுடன் ஊதினார். முன் குறிப்பு தவறு. தவறு பரிசோதித்தவருடையது.' கையெழுத்தை வழக்கத்தைவிடத் தெளிவாகப் போட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தூக்கம் வரவில்லை. டாக்டரிடம் கேட்டு அந்த இருபத்தாறு பேரின் பழைய கோப்புகளையும் எடுத்தாள். பதினொரு பேர் கட்டி தெரிவதற்கு முன்பே அந்த அறையில் ஊதியிருந்தார்கள். ஆறு பேரின் கோடு தட்டை. ஆறில் ஐந்தின் அடியில் அதே இரண்டு வார்த்தைகள். மூன்று அவளுக்கு முன் இருந்தவர் எழுதியது, இரண்டு அவள் எழுதியது. அவள் எழுதிய இருவரில் ஒருவர் உயிரோடு இல்லை. தச்சர் என்று போட்டிருந்தது. முகம் நினைவுக்கு வரவில்லை, அதுதான் அவளை ரொம்ப நாள் வாட்டியது. அந்தக் கோப்புகளிலும் திருத்தக் குறிப்பு எழுதினாள். மறுநாளிலிருந்து அவள் அறையில், கூட்டம் வாசல்வரை நின்றாலும், ஊதி முடித்து உள்ளே இழுக்காமல் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது.

ஒரு வருடம் போயிற்று. நாத்தனார் வேலைக்குத் திரும்பினாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. அதுதான் இன்னும் கம்பீரமாக இருக்கிறதென்று அவளே ஊரெல்லாம் சொன்னாள், ஊரும் வேறு வழியின்றி ஒத்துக்கொண்டது. பெரிய டாக்டரின் கட்டுரையும் முடிந்தது. ஆஸ்பத்திரியின் அரங்கில் அதை வாசிக்க ஒரு நாள் குறித்தார். பல ஊர்களிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். பிழைத்திருக்கும் நோயாளிகளையும் அவர் அழைத்திருந்தார். நாத்தனார் தம்பியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்தால் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாதாம்.

டாக்டர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். இது மூச்சின் கோடு அல்ல, ஆயுளின் கோடு. நாத்தனாரையும் சேர்த்து இருபத்தேழு பேரோடு உச்சியில் தொடங்கி, ஒருவர் இறக்கும் ஒவ்வொரு இடத்திலும் கோடு ஒரு படி இறங்கியது. முழுதாக எடுத்தவர்களின் கோடு மேலே நின்றது, எடுக்க முடியாதவர்களின் கோடு கீழே போய்விட்டது. "எது ஒருத்தரை மேல் கோட்டுல வைக்குது? சீக்கிரம் கண்டுபிடிக்கிறதுதான்," என்றார். "இதுல ஒரு விஷயம் எந்தப் புத்தகத்துலயும் நான் படிச்சதில்ல. எங்க மூச்சு அறையில இருக்கறவங்க கண்டுபிடிச்சது. அவங்களே சொல்லட்டும்."

ஊதுங்கம்மா மேடைக்குப் போனாள். பத்தொன்பது, இப்போது இருபது வருடம், ஒரு ஆளைப் பார்த்தே கத்தியவள். முந்நூறு பேருக்கு முன்னால் மைக்கைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை. தட்டைக் கோட்டைக் காட்டினாள். மூன்று முறையும் அச்சாக வந்தால் அது சோம்பல் இல்லை என்று விளக்கினாள். அதுவரை சரளமாகத்தான் வந்தது. அடுத்ததைச் சொல்லும்போது குரல் கிணற்றுக்குள் போய்விட்டது.

"இந்த நோயாளிக்கு ரெண்டு வருஷம் 'முயற்சி போதாது'ன்னு எழுதினது... நான்தான். இன்னும் ரெண்டு பேருக்கும் எழுதியிருக்கேன்."

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மைக் இல்லாமலே அரங்கின் நாலு சுவரையும் தொட்டது.

"சத்தமாச் சொல்லு. பின்னால கேக்கல."

முந்நூறு தலைகள் திரும்பின. நாத்தனார் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. நடைமேடையின் கடைசியில் நிற்கிறவனுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்கிற கண்டிப்பு மட்டும் இருந்தது. ஊதுங்கம்மா அவளையே பார்த்துக்கொண்டு, மூச்சை முழுதாக இழுத்து, மறுபடி சொன்னாள். இந்த முறை படிக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"தப்பா எழுதினது நான்தான்! அவங்க முழு மூச்சா ஊதினாங்க! உங்க அறைகள்லயும் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பாருங்க! உங்க கையெழுத்தும் இருக்கும்!"

யாரும் உடனே கை தட்டவில்லை. சில டாக்டர்கள் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார்கள். ஒரு பெண் எழுந்து, தங்கள் ஊரில் அப்படி இரண்டு கோடுகள் பார்த்த ஞாபகம் இருப்பதாகவும், ஆட்களைத் திரும்பக் கூப்பிடப் போவதாகவும் சொன்னாள். அதன் பிறகுதான் கைதட்டல் வந்தது. வந்தபிறகு நிற்கவில்லை.

கடைசி வரிசையில், நாத்தனாருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த வெளியூர் டாக்டர், மேடையில் இருப்பது யார் என்று அவளிடம் கேட்டார். மேடையில் நின்றவளுக்கு அந்தக் கேள்வி கேட்கவில்லை. பதில் அவளுக்கு மட்டுமல்ல, அரங்கத்துக்கே கேட்டது.

"என் தம்பி பொண்டாட்டி."